கிரகணம் காரணமல்ல

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டாகிறது. அம்மாவின் பொறுமையைப் பற்றி உறவினர்களான நீங்கள் நிறையச் சொல்வீர்கள். எனக்குச் சொல்ல வேறொன்று இருக்கிறது. அப்பாவிடம் கேட்டேன், "எழுதும்மா" என்றார்.

தஞ்சைப் பக்கம் பிறந்த அம்மா, கல்யாணமாகிக் கப்பலில் இந்தத் துறைமுக ஊருக்கு வந்து, பஃபலோ ரோட்டு மாடியறை ஒன்றில் குடித்தனம் தொடங்கினார். தீராத வயிற்றுவலி அவருக்கு. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அப்பா, திருட்டுத்தனமாக அபின் வாங்கி வருவார். மிளகளவு உருட்டி வெந்நீரில் விழுங்கினால்தான் அம்மாவால் எழுந்து சமைக்க முடியும். தம்பி வயிற்றில் இருந்தபோதும் அது நிற்கவில்லை. பிள்ளைக்குக் கெடுதல் என்று எங்களுக்குத் தெரியாது.

பிறந்த மறுநாளே தம்பிக்குக் கைகால் நடுங்கியது. ஓயாமல் வீறிட்டான், பாலைச் சப்பிக் குடிக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கு என்னையும் அழைத்துப் போனார்கள். எனக்குப் பத்து வயது; வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவள் நான்தான். கர்ப்பத்தில் அம்மா ஏதாவது மருந்து சாப்பிட்டாரா என்று தாதி மிஸ்ஸி கேட்டார். அதை அம்மாவிடம் தமிழில் சொன்னேன்.

"ஒண்ணும் சாப்பிடலன்னு சொல்லு பாப்பா. அப்பாவைப் புடிச்சுட்டுப் போயிருவாங்க."

அப்படியே சொன்னேன். மிஸ்ஸி இன்னொரு தரம் கேட்டார். இன்னொரு தரமும் அதையே சொன்னேன்.

தம்பி பிழைத்தான். நான்கு வயதில்தான் நடந்தான். இன்று பன்னிரண்டு வயது. சட்டைப் பித்தான் போடத் தெரியாது. "கிரகணத்தன்னிக்குக் குழாயடிக்குப் போயிட்டேன், அதனாலதான்" என்று அம்மாவே எல்லோரிடமும் சொன்னார். "புள்ளத்தாச்சி அன்னிக்கு வெளிய போலாமா?" என்று நீங்கள் திட்டியதைத் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். அன்று தண்ணீர் பிடித்து வந்தது நான்.

பின்னாளில் ஒரு டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். நடுக்கம் அபினால் வந்திருக்கலாம் என்றார். அவன் வளர்ச்சி பின்தங்கியதற்கும் அதுதான் காரணமா என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இதை அம்மாவிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

கடைசி வாரம் அம்மாவுக்கு வலி தெரியாமல் இருக்க ஊசி போட்டார்கள். ஒவ்வொரு முறையும், "இது யாருக்கும் கெடுதல் இல்லையேன்னு கேளு பாப்பா" என்றார். கேட்டேன். தாதிகளுக்குக் கேள்வி புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

சுடுகாட்டுக்கு அம்மாவைச் சுமந்தவர்களுக்கும், அன்று தம்பியைப் பார்த்துக்கொண்ட கீழ்வீட்டு அக்காவுக்கும் எங்கள் நன்றி. இரண்டு முறை கேட்ட அந்த மிஸ்ஸிக்கும் நன்றி. அவர் பெயர் தெரியாது. இன்னொரு தரம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

மகள்