சிங்கனுக்குக் கொடுத்த அரைக் குளிசை

சென்ற வருடம் காலபோக நெல் அறுவடைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது நடந்தது இது. ஜெயபுரத்தில் எங்கள் வயலைப் பன்றிகளிடமிருந்து காத்தது சிங்கன் என்ற எங்கள் நாய்தான். ஒரு நாள் காலை அது பின்னங்காலை ஊன்ற முடியாமல் நொண்டிக்கொண்டு வந்தது. பன்றி இடித்திருக்க வேண்டும்.

வீட்டில் யாருக்கு என்ன வந்தாலும் வைத்தியம் பார்ப்பது நான்தான். என் முழங்கால் நோவுக்குக் கிளினிக்கில் தந்த குளிசைகள் அலுமாரியில் எப்போதும் இருக்கும். நெல் அறுக்கும் அருவி வெட்டு நேரத்தில் இடுப்பு நோகிறது என்று வருபவர்களுக்கெல்லாம் அதில் ஒவ்வொன்று எடுத்துக் கொடுப்பேன். எங்கள் பக்கத்தில் அது வழக்கம். சிங்கன் என் நிறையில் பாதிகூட இல்லை, பாதிக் குளிசை போதும் என்று நானே முடிவு செய்தேன்.

சிங்கன் குளிசையை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பியது. கருவாட்டுத் துண்டுக்குள் வைத்து, தலையைத் தடவி நீட்டினேன். என்னைப் பார்த்துக்கொண்டே விழுங்கியது. மத்தியானமே நாலு காலிலும் நடந்தது.

“டொக்டரம்மா, எனக்கும் ஒரு ஊசி போடுங்கோவன்” என்று கணவர் பகிடி விட்டார். எனக்கும் பெருமைதான், பக்கத்து வளவுக்காரியிடமும் சொன்னேன். காலையும் மாலையும் தொடர்ந்து கொடுத்தேன்.

மூன்றாம் நாள் சாப்பாட்டைத் தொடாமல் சத்தி எடுத்தது. தவளையைத் தின்றிருக்கும் என்று நினைத்தேன். சுருண்டு படுத்ததைப் பார்த்து, நோ கூடிவிட்டதாக்கும் என்று இன்னும் ஒரு பாதி கொடுத்தேன். மறுநாள் கறுப்பாகக் கழிந்தது, வாந்தியில் இரத்தம். ஓட்டோவில் மடியில் கிடத்திக்கொண்டு மல்லாவி மிருக வைத்தியசாலைக்கு ஓடினோம்.

மிருக வைத்தியர் ஒரு பெண். வாயைத் திறந்து, வெளிறிப்போயிருந்த பல் முரசைப் பார்த்துவிட்டு, என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். குளிசைப் பையை நீட்டினேன்.

“அம்மா, மனுசற்ற நோக்குளிசை நாய்க்குக் கூடாது. குடலைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் பழுதாக்கிப்போடும். நாய்க்கெண்டு தனி மருந்து இருக்கு. அதையும் நிறை பாத்து, நாங்கள் சொல்லுற அளவுக்குத்தான் குடுக்கோணும். சத்தி எடுத்தா, சாப்பிடாட்டி, உடன நிப்பாட்டிப்போட்டு எங்களிட்ட வரோணும்.”

“அரைதானே குடுத்தனான், டொக்டர்.”

“அதுக்கு அரையும் கூடத்தான் அம்மா.”

காலைத் தடவிப் பார்த்தார். எலும்பு உடையவில்லை, சும்மா விட்டிருந்தாலே ஒரு கிழமையில் மாறியிருக்கும் என்றார். சேலைன் ஏற்றினார், ஊசி போட்டார். இரண்டாம் நாள் சிங்கன் போய்விட்டது.

பன்றி இடித்ததில் செத்தது என்றுதான் ஊரில் சொல்லி வைத்தேன். வெட்கம். கணவரும் அதையே சொன்னார்.

அறுவடை தொடங்கிய பிறகு பக்கத்து வளவுக்காரி வந்தாள். “அக்கா, எங்கட நாயும் நொண்டுது. சிங்கனுக்குக் குடுத்த குளிசையில ஒண்டு தாங்கோவன், அண்டைக்கே நடந்ததெண்டு சொன்னனீங்களே” என்றாள்.

கை அலுமாரிக் கதவில் இருந்தது. திறக்கவில்லை. “பன்றியில்லை பிள்ளை, நான்தான் அந்தக் குளிசையைக் குடுத்து அதைச் சாகடிச்சனான்” என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அன்றே அவள் தன் நாயை மல்லாவிக்குக் கொண்டுபோனாள்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான். அந்த நாய் இப்போது எங்கள் வரம்பிலும் ஓடித் திரிகிறது. அதைக் காணும்போதெல்லாம், வேண்டாம் என்று முகம் திருப்பிய சிங்கன் என் கை தடவியதற்காக வாய் திறந்ததுதான் நினைவுக்கு வருகிறது.