வெள்ளிக்கிழமை மாலையை விட்டுக்கொடுக்காத அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலும் தூத்துக்குடியிலும் இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உற்றார் உறவினருக்கும் நண்பர்களுக்கும் தங்கையாகிய நான் எழுதுகிறேன். "பொறுமையின் சிகரம், சாந்தமே உருவானவர் என்று எழுதும்மா" என்று சிலர் அன்போடு சொன்னார்கள். மன்னிக்கவும். அக்கா அப்படிப்பட்டவர் அல்லர். அவர் அமைதியைக் கண்டது உண்மை. ஆனால் பணிந்துபோய்க் காணவில்லை.

தூத்துக்குடியில், துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்த எங்கள் அப்பாவுக்கு மூத்த மகளாகப் பிறந்தார். ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்ப அப்பா ஏற்பாடு செய்தபோது, வேதியியல்தான் படிப்பேன் என்று சாப்பிடாமல் கிடந்து சாதித்தவர். திருமணத்துக்குப் பிறகு 2001இல் அத்தானோடு நியூ ஜெர்சிக்கு வந்து, ஒரு மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் சேர்ந்தார். நானும் பின்னாலேயே பக்கத்து ஊரான ஐசலினுக்கு வந்து சேர்ந்தேன். இங்கே அவர்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். பள்ளிக்கூடம் போகும் வயது வரும் முன்பே இரத்தப் புற்றுநோய் அவளைக் கொண்டுபோய்விட்டது.

அந்த நாட்களில் வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள். சாப்பாடு கொண்டுவந்தார்கள், செபமாலை சொன்னார்கள். அதற்கு என்றும் நன்றியுண்டு. ஆனால் வந்தவர்களெல்லாம், "எல்லாம் ஆண்டவருடைய சித்தம், ஏத்துக்கோம்மா" என்றார்கள். ஒவ்வொரு முறையும் அக்காவின் முகம் இறுகியதை நான் பார்த்தேன்.

ஆய்வகத்தில் அக்காவுக்குப் பக்கத்து மேசையில் வேலை பார்த்தவர் ரூத். அக்காவின் வயதுதான், தம் மார்க்க ஒழுங்குகளைக் கடைப்பிடிக்கும் யூதப் பெண்மணி. அவர் வந்து, தரையில் கிடந்த அக்காவின் அருகே தாமும் தரையில் உட்கார்ந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளும் வந்தார், அப்படியே உட்கார்ந்தார். கடைசியில் அக்காவே, "நீ மட்டும் ஏன் எதுவும் சொல்ல மாட்டேங்கிற?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். துக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கும்வரை வந்தவர் பேசக் கூடாது என்பது தங்கள் வழக்கம் என்றார் ரூத். அதன் பிறகு அக்கா பேசினார், சாயங்காலம்வரை.

வேலைக்குத் திரும்பிய அக்கா, சனி ஞாயிறு என்று பாராமல் ஆய்வகமே கதியென்று கிடந்தார். வீட்டுக்கு வந்தால் மகளின் அறையைக் கடக்க வேண்டுமே! அதைப் பார்த்துத்தான் ரூத் ஒரு வெள்ளிக்கிழமை மாலை அக்காவையும் அத்தானையும் என்னையும் சாப்பிட அழைத்தார். சூரியன் சாயும் முன் மெழுகுவத்தி ஏற்றினார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் தொலைபேசி கிடையாது, தொலைக்காட்சி கிடையாது, மறுநாள் இருட்டும்வரை எந்த வேலையும் கிடையாது. ரூத்தின் கணவர் தம் பிள்ளைகளின் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். அக்கா சட்டென்று எழுந்துவிட்டார்.

"எனக்கு உங்க கடவுள்மேல கோபம். எந்தக் கடவுளா இருந்தாலும் கோபம். நான் இந்த மேசையில உட்காரக் கூடாது" என்றார்.

ரூத் சொன்ன பதிலைத் தமிழில் தருகிறேன்: "கோபத்தோடயே உட்காரு. எங்க முன்னோர் அவர்கிட்ட நியாயம் கேட்டிருக்காங்க, வாதாடியிருக்காங்க, மல்லுக்கட்டியிருக்காங்க. அதுவும் எங்களுக்கு செபம்தான்."

அக்கா உட்கார்ந்தார்.

பிறகு ஒருநாள், வெள்ளி மாலை தொடங்கும் அந்த ஓய்வுநாளைப் பற்றி ரூத் சொன்னதை அக்கா என்னிடம் சொன்னார். அடிமைக்கு ஓய்வு இல்லை. எகிப்தில் அடிமைகளாக இருந்த ஒரு சனம் வாரத்தில் ஒருநாள் வேலையை நிறுத்துவது, நான் எவனுக்கும் அடிமையில்லை என்று சொல்லத்தான். துக்கமும் ஓர் எசமான்தான். அதற்கும் அன்று வேலை செய்யக் கூடாது. இந்தக் கடைசி வாக்கியம் ரூத் சொன்னதா, அக்கா தாமே சேர்த்ததா என்று எனக்குத் தெரியாது.

அன்று முதல் வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் அக்கா வீட்டிலும் ஒரு மெழுகுவத்தி எரியும். மீன் குழம்பு முன்பே தயாராகிவிடும். மடிக்கணினி அலமாரிக்குள் போகும், சனிக்கிழமை இருட்டும்வரை வெளியே வராது. செபமாலையை அக்கா விடவில்லை. ஞாயிறு திருப்பலியையும் விடவில்லை. ஆனாலும் பேச்சு கிளம்பியது. செபக்கூட்டத்தை நடத்தும் அங்கிள் ஒருவர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"என்னம்மா, கன்வர்ட் ஆயிட்டியா? எல்லாரும் ஒரு மாதிரி பேசுறாங்க."

"இல்ல அங்கிள். இயேசுவும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் இப்படி விளக்கேத்தின வீட்டுலதான வளர்ந்திருப்பாரு? அவங்க அம்மா செஞ்சத நான் செஞ்சா தப்பா?"

அங்கிள் காப்பியை முடிக்காமலே எழுந்து போனார்.

அடுத்த சோதனை வேலையில் வந்தது. சனிக்கிழமைகளிலும் வர வேண்டும் என்று மேலாளர் சொன்னார். அக்கா மறுத்தார். நான் பதறிப்போய்த் தொலைபேசியில் அழைத்தேன்.

"அக்கா, க்ரீன் கார்டு பென்டிங்ல இருக்கு. இப்பப் போய் ஃபைட் பண்ணாத. வேலை போச்சுன்னா பெட்டியக் கட்ட வேண்டியதுதான்."

"கட்டுவோம்ட்டி. நீ யூதரான்னு கேட்டான். இல்லன்னேன். அப்புறம் என்னன்னான். அடிமையும் இல்லன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

வேலை போகவில்லை. ஆனால் அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. அக்கா அதற்காக ஒருநாள்கூட வருந்தி நான் பார்க்கவில்லை. மாறாக, மகளின் அறைக் கதவை அந்த ஆண்டில்தான் திறந்தார். சனிக்கிழமை காலைகளில் அந்தச் சின்னக் கட்டிலில் உட்கார்ந்து, ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். சில நாள் சத்தமாகக் கடவுளிடம் சண்டையும் போடுவார். "கேட்டுட்டேன். இனி அவர்தான் பதில் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு மாடியிலிருந்து இறங்கி வந்து நிம்மதியாகச் சாப்பிடுவார்.

பின்பு அவருக்கே மார்பகப் புற்றுநோய் வந்தது. அறுவை, கீமோ எல்லாம் பார்த்தும் அது ஈரலுக்குப் பரவியது. மருத்துவமனையில் இருந்தபோது ஊரிலிருந்து சித்தி தொலைபேசியில் பேசினார்கள். "ஆண்டவர் சோதிக்காரு மக்கா, ஏத்துக்கோ" என்று அழுதார்கள். அக்கா மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்: "ஏத்துக்க மாட்டேன் சித்தி. அவர் முன்னால போயி நின்னு கேப்பேன். ஆனா எனக்குப் பயமில்ல. நீங்க அழாதீங்க."

அதற்கடுத்த சனிக்கிழமை காலை, அத்தான் கையைப் பிடித்திருக்க, அக்காவின் மூச்சு நின்றது.

அடக்கத்தன்று ரூத்தும் அவர் கணவரும், தங்கள் மார்க்க ஒழுங்குப்படி கோவில் பூசைக்கு வராமல், நேராகக் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து காத்திருந்தார்கள். நாங்கள் ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டதும், மேற்பார்வையாளர் எங்களைக் கிளம்பச் சொன்னார். மீதியை இயந்திரம் தள்ளிவிடுமாம். அப்போது ரூத்தின் கணவர் அத்தானிடம் மெல்லச் சொன்னார்: "எங்களில் குழியை நாங்களே மூடுவோம். இறந்தவர் திருப்பிச் செய்ய முடியாத உதவி இது. நீங்கள் விரும்பினால் செய்யலாம்."

அத்தான் மேற்பார்வையாளரிடம், "நாங்கள் போகப்போவதில்லை. இயந்திரத்தை நிறுத்துங்கள்" என்றார். விதிமுறை அது இது என்று அவர் சொல்லிப் பார்த்தார். யாரும் நகரவில்லை. கடைசியில் இரண்டு மண்வெட்டிகள் வந்தன. ஒன்றை அத்தான் எடுத்தார். இன்னொன்றை எடுக்க, கோட்டைக் கழற்றிப் புல்லில் போட்டுவிட்டு முன்னால் வந்தவர் அந்தச் செபக்கூட்டத்து அங்கிள்தான். பிறகு நான், ரூத், பட்டுப்புடவையும் ஸ்வெட்டருமாக நின்ற ஆன்ட்டிகள், தமிழ் பேசத் தெரியாத அவர்களுடைய பிள்ளைகள் என்று எல்லோரும் கை மாற்றி, அந்த ஈரச் செம்மண்ணை முழுவதும் நாமே தள்ளினோம்.

நோயில் பார்த்துக்கொண்ட செவிலியருக்கும், அத்தானுக்கு மாதக்கணக்கில் சமைத்துக் கொடுத்த வீடுகளுக்கும், வந்து உட்கார்ந்தவர்களுக்கும், ஊரில் பூசை வைத்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இந்த மலரைப் பிடித்திருக்கும் கைகளில் பல, அன்று கொப்புளம் கண்ட கைகள். எங்கள் அக்காவை இயந்திரத்திடம் ஒப்படைக்காத அந்தக் கைகளை முத்தமிடுகிறேன்.