டெம்போவுக்கு ஒரு வலை

இடது கையில் மூங்கில் பட்டை. வலது கையில் நைலான் நூல் சுற்றிய ஊசி. நூல் பட்டையைச் சுற்றி மேலேறி, வலையின் மேல்வரிசைக் கண்ணுக்குள் நுழைந்து, கட்டைவிரலுக்கு அடியில் சற்றே நின்று, கண்ணின் கழுத்தைப் பின்னால் வளைத்துக்கொண்டு இறுகியது. முடிச்சு கழுத்தில் விழுந்தால் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் கீழிறங்கி விழுந்தாலும் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். பாரம் வந்ததும் ஓடிவிடும். அந்தக் கைகள் ஒவ்வொரு முடிச்சையும் இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போயின. இளமையில் அவற்றுக்கு அந்தப் பழக்கம் இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. திருப்பூர் நெருப்பெரிச்சலில், லைன் வீடுகளின் நடுச்சந்தில், குழாயடியிலிருந்து வாசல்வரை வலை விரிந்து கிடந்தது. மீன் வலை அல்ல. சாயப்பட்டறைக்குப் போகிற வழியில் வேகத்தடை ஒன்றில் ஏறி இறங்கியபோது சுரேந்தரின் டெம்போவிலிருந்து நான்கு துணி ரோல்கள் ரோட்டில் விழுந்துவிட்டன. மறுநாளே அவன் வந்து நின்றான்.

“கடையில வாங்குன வலை மூணே மாசத்துல பிஞ்சு போச்சுங்கண்ணா. நீங்க கடல்ல இருந்தவருங்களாமா. நம்ம வண்டிக்கு ஒண்ணு பின்னிக் குடுங்க.”

இசக்கிமுத்து கடலில் இருந்தவர் என்று சொல்வது முழுக்கச் சரியில்லை. தூத்துக்குடிப் பக்கம் கரையில் உட்கார்ந்து விசைப்படகுகளின் வலைகளைச் சீர்செய்தவர். பத்தொன்பது வருடமாக நிட்டிங் கம்பெனியில் ரோல் இறக்கி எடை போடுகிறார். ஆனாலும் கடற்கரைக் கட்டுப்பாடுகள் அவரை விடவில்லை. வலைமேல் செருப்புக் காலை வைக்கமாட்டார். வேலைக்குக் கிளம்புகிறவனிடம் எங்கே போகிறாய் என்று கேட்கமாட்டார். மெஷின் ஓட்டும் பையன்கள் விசிலடித்தால் வேண்டாம் என்பார், காற்றைக் கூப்பிடக் கூடாது என்பார்.

“வரட்டுமுங்கண்ணா, ஃபேன் ஓடி ரெண்டு நாளாச்சு” என்பார்கள்.

அன்று காலை அவர் மனைவி ராமுத்தாய் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடியிலிருந்து கிளம்பினாள். வாசல் பத்தடிதான். அவள் வலையின் ஓரம் வந்ததும் திரும்பி, கக்கூஸ் வரிசைக்குப் பின்னால் போய், மேலக் கேட் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தாள். இரண்டாவது குடத்துக்கும் அப்படியே.

பக்கத்து வீட்டுச் சாரதாமணி வலையைத் தாண்டி வந்து நின்றாள். “ஏனுங்கக்கா, இத்தன தூரம் சுத்திப் போறீங்க? இப்படியே வாங்க.”

“வலையத் தாண்டக் கூடாது தாயி. பொம்பள தாண்டுனா மீன் நிக்காது.”

“பனியன் துணிக்குப் போடற வலையில எங்கீங்க மீன் வந்துச்சு?”

“ஒருக்கா தாண்டி எட்டு ஆளு வயித்துல அடிச்சிட்டேன். அது போதும்.”

குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது என்பதுபோல அதைச் சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். சாரதாமணியும் துணி காயப்போடப் போய்விட்டாள். இசக்கிமுத்து குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. இரண்டு காதும் சுட்டன. கை தானாக முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தது. இழுத்துப் பார்க்க மறந்திருந்தது.

மீன்பிடித் தடைக்காலம் தொடங்க மூன்று நாள் இருந்தபோது நடந்தது அது. எட்டுப் பேர் போகிற ராஜபாண்டியின் படகு வலையில், மீன் சேர்கிற அடிப்பை கிழிந்திருந்தது. அந்தப் பையை அங்கே மடி என்பார்கள். இன்னும் நாற்பது கண் பின்னினால் வேலை முடிந்தது. ஆனால் அன்றைக்கு அவர் ஊரில் இசக்கியம்மன் கொடை. மேளம் தொடங்குமுன் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம். கடைசி நாற்பது முடிச்சும் கழுத்தில் விழவில்லை. விழவில்லை என்பது அவர் விரலுக்கே தெரிந்தது. அப்போதுதான் கஞ்சித் தூக்கோடு வந்த ராமுத்தாய், மணலில் கிடந்த வலையின் ஒரு மூலையைத் தாண்டிவிட்டாள். பக்கத்துப் படகுக்காரர்கள் இருவர் பார்த்தார்கள்.

மறுநாள் அந்த வருடத்தின் பெரிய மீன்பாடு கிடைத்தது. மடி நிறைந்து தண்ணீருக்கு மேலே வந்த நேரத்தில் அடியில் பிரிந்து, அத்தனை மீனும் கடலுக்கே போனது. கரையில் ராஜபாண்டி கேட்டார். “எப்படி வே பிரிஞ்சிது?”

ராமுத்தாய் தாண்டியதைப் பார்த்தவர்களில் ஒருவர் சொன்னார். எல்லோரும் இசக்கிமுத்துவைப் பார்த்தார்கள். ராமுத்தாயும் அங்கேதான் நின்றாள்.

“தாண்டாதன்னு சொல்லித்தான் வச்சிருந்தேன். கேக்கல” என்றார் இசக்கிமுத்து.

அதன்பிறகு கருவாடு காயப்போடக்கூட யாரும் அவளைக் கூப்பிடவில்லை. எதிரே வந்தால் ஆண்கள் படகுக்குப் போகாமல் திரும்பினார்கள். இரண்டு மாதத்தில் இருவரும் திருப்பூர் பஸ் ஏறினார்கள். ஒவ்வொரு வருடமும் கொடைக்குப் போகும்போது அவள் ஆளுக்கொன்றாக எட்டுத் தேங்காய் உடைப்பாள். போன தை மாதம் தங்கை மகள் கல்யாணத்தில், எல்லோரும் போட்டோ எடுக்கக் கடற்கரைக்குப் போனபோது, மண்டபத்தில் பாத்திரங்களுக்குக் காவலாக அவள் மட்டும் இருந்தாள்.

கடைசி வரிசை முடிந்தது. நூலை அறுத்தார். ராமுத்தாய் மூன்றாவது குடத்தோடு மேலக் கேட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தாள்.

“ஏளா, குடத்த இறக்கிட்டு இங்க வா.”

அவள் வந்து வலைக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

“அன்னிக்கு மடி பிரிஞ்சது ஒன்னால இல்ல. முடிச்சு ஓடுச்சு. நான் போட்டது. போடும்போதே தெரியும்.”

“எத்தன முடிச்சு?” என்று கேட்டாள்.

“நாப்பது.”

“அன்னிக்கே சொல்லிருந்தா என்ன ஆயிருக்கும்?”

“வேல போயிருக்கும்.”

“வேல எப்படியும் போச்சே.”

அவர் கையில் இருந்த ஊசியை வெறுமனே திருப்பிக்கொண்டிருந்தார்.

“வருசா வருசம் எட்டுத் தேங்கா ஒடச்சனே. மூட்டைய நீங்கதான தூக்கிட்டு வந்தீய?”

“ஆமா.”

“கனக்கலையா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் வீட்டுக்குள் போனாள். இனி வரமாட்டாள் என்று நினைத்தார். ஆனால் வந்தாள். கையில் கம்பெனிப் பை. அவளுக்குச் செக்கிங் செக்ஷனில் வேலை; பனியனில் ஓட்டை, அழுக்கு, தையல் விட்ட இடம் எதுவானாலும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவாள். வலையின் ஓரத்தில் உட்கார்ந்து, வரிசை வரிசையாக மடிமேல் இழுத்து, ஒவ்வொரு முடிச்சையும் இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தாள். வலையை அவள் தொட்டு அவர் பார்த்ததில்லை. முக்கால்வாசி போனதும் விரல் நின்றது. ஒரு ஸ்டிக்கரை உரித்து ஒட்டினாள். அடுத்த கண்ணில் இன்னொன்று. அப்படியே ஏழு.

சாரதாமணியோடு அவள் பேசியபோது போட்ட முடிச்சுகள்தான் அவை. ஏழும் கழுத்துக்குக் கீழே விழுந்திருந்தன.

அவர் எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாக அவிழ்த்துப் புதிதாகப் போட்டார். ஒன்று முடிந்ததும் அவள் இழுத்துப் பார்ப்பாள், ஸ்டிக்கரைச் சுரண்டி எடுப்பாள். முகத்தைப் பார்க்கவில்லை.

ஏழாவதை அவர் முடித்தபோது சந்து முனையில் டெம்போ நின்றது. முன்பக்கம் எலுமிச்சையும் மிளகாயும் தொங்கின. சுரேந்தர் இறங்கி வந்து வலைக்கு அந்தப் பக்கம் நின்றான்.

“ஆச்சுங்களாண்ணா?”

இசக்கிமுத்து அவளைப் பார்த்தார். “நீதான் சொல்லணும்.”

ராமுத்தாய் கடைசி முடிச்சை இன்னொரு தடவை இழுத்தாள். ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தாள். எழுந்து, வலையைத் தன் பக்கமாக முழம் முழமாக வாரிச் சுருட்டினாள். சந்து காலியானது. வலை கிடந்த இடத்தின்மேலேயே நேராக நடந்துபோய், சுரேந்தரின் கையில் கொடுத்தாள்.