தலைவர் திறக்க வேண்டிய திடல்

மாலை ஏழரை மணி வாக்கில் எங்கள் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்துத் திடலில் விளக்குகள் தாமாக எரியத் தொடங்கும். சுவிட்சை யாரும் தொடுவதில்லை. பச்சைப் பசேலென்ற செயற்கைப் புல், வெள்ளைக் கோடுகள், வலை கட்டிய கோல் கம்பங்கள், பிளாஸ்டிக் உறை பிரிக்காத நாற்காலிகள் எல்லாம் பகல்போலத் தெரியும். ஆட்கள் மட்டும் இருக்கமாட்டார்கள். வாசலில் பூட்டுத் தொங்கும். கொஞ்ச நேரத்தில் செம்பனை மரங்களுக்குள்ளிருந்து ஓர் ஆந்தை சத்தமே இல்லாமல் பறந்து வந்து கோல் கம்பத்தின் மேல் உட்கார்ந்து, வெள்ளை முகத்தைத் திருப்பித் திருப்பித் திடலைப் பார்க்கும். எங்கள் நெல்லிக்குப்பத்தில் கூரைமேல் ஆந்தை உட்கார்ந்தால் அன்றைக்கு வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. இங்கே எலி பிடிக்கிறதே என்று மரப்பெட்டியில் கூடு செய்து, கம்பத்தில் ஏற்றி, மாப்பிள்ளையைப்போல வைத்திருக்கிறார்கள். வந்த புதிதில் அது எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஆளில்லாத திடலை அது மேற்பார்வை பார்க்கிற அழகைக் கண்ட பிறகு சிரிப்பு வரவில்லை.

ஊரில் இருக்கிறவர்களுக்கு நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றி வந்த லாரிகள் வரிசையில் நிற்கிற பொட்டலில் பந்து உதைத்து வளர்ந்தவள். மாவட்டத்துக்காக ஆடியிருக்கிறேன். பந்து உதைக்கிற பெண்ணுக்கு மாப்பிள்ளையாக எவன் வருவான் என்று ஊர் கேட்டுக்கொண்டிருந்தபோது, கடல் கடந்து ஒருவர் வந்தார். சரவணன், மலாய் நாட்டு ஈஜோக் பக்கத்தில் இந்தத் தோட்டத்துக்காரர், ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். அவருடைய தாத்தாவின் ஊரும் எங்கள் பக்கம்தான் என்றார்கள். அதை நம்பி வந்தேன். வந்து பார்த்தால் பேச்சு தமிழ், சாமி நம் சாமி, சாம்பாரும் ஏறக்குறைய நம் சாம்பார்தான். ஆனாலும் நான் வாயைத் திறந்தால் கடைக்காரர்கூட, “ஊர்லேர்ந்து வந்தவங்களா?” என்று கேட்பார். மனைவி என்ற முறையில் இங்கே தங்கக் கொடுக்கிற பாஸில் இருக்கிறேன். அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓட்டு இல்லை, தோட்டத்து விளையாட்டுச் சங்கத்தில் உறுப்பினராகச் சேரவும் முடியாது. என்னைக் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொண்டது திடல் ஒன்றுதான். பழைய லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால், செம்மண்ணும் மேடு பள்ளமுமாகக் கிடந்த அந்தத் திடலில் தோட்டத்துப் பெண்பிள்ளைகள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் பந்து என் காலடிக்கு உருண்டு வந்தது. அதை நான் திருப்பி உதைத்த விதத்தைப் பார்த்துவிட்டு, தர்ஷினி என்கிற பிள்ளை மறுநாள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அன்றிலிருந்து நான் அவர்களுக்கு அக்கா.

பெண்கள் காற்பந்தை வளர்க்கப்போகிறோம் என்று, உலகக் காற்பந்தை ஆளுகிற பெரிய அமைப்பிலிருந்து ஒரு திட்டம் வந்தது. எங்கேயோ தொடங்கி எத்தனையோ கை மாறி அது எங்கள் தோட்டத்தில் வந்து இறங்கியதே ஒரு அதிசயம். இறக்கியவர் எங்கள் விளையாட்டுச் சங்கத் தலைவர் தனபால் அண்ணன். அவருடைய அப்பா வெள்ளைக்காரன் காலத்தில் தொழிலாளர்களை மேய்க்கிற மண்டோராக இருந்தவராம். நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்காத குணம் ரத்தத்தில் வந்தது என்று பெண்கள் கேலி செய்வார்கள். கெட்டவர் என்று சொல்ல முடியாது. யார் வீட்டுக் காரியத்துக்கும் முதலில் வந்து நிற்பவர், கூடவே படத்துக்கும் முதலில் நிற்பவர். செம்மண்ணை வழித்துப் போட்டார்கள், புல் விரித்தார்கள், விளக்கு நட்டார்கள். வாசலில் எங்கள் பிள்ளைகளைச் சீருடையோடு நிற்கவைத்து எடுத்த படத்தைப் பெரிய பதாகையாகக் கட்டினார்கள். உலக அமைப்பின் தலைவரே நேரில் வந்து திறந்துவைப்பார், அதுவரை யாரும் உள்ளே கால் வைக்கக்கூடாது என்றார்கள். பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெரியவர் வருகிற வாரத்தில் பெரியவர்மேல் விசாரணை வந்துவிட்டது. எந்த நாட்டில் போட்டி நடத்துவது என்று ஓட்டுப் போட்டவர்களுக்கு என்னென்ன போய்ச் சேர்ந்தது, யார் யார் வாங்கினார்கள் என்று செய்திகளில் ஓயாமல் ஓடியது. அவர் பதவி விலகவில்லை, சற்று ஒதுங்கி நிற்கிறேன் என்றார். ஒதுங்கி நிற்பவர் எப்படி ரிப்பன் வெட்டுவார்? அவருக்குப் பதிலாகக் கண்ணாடிச் சட்டம் போட்ட அவருடைய படம் வந்தது. ஆளுயரத்துக்குப் பாதி இருக்கும். மேடையில் நாற்காலி போட்டு அதை உட்காரவைத்தார்கள். பக்கத்தில் ஏற்கெனவே குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. கிள்ளானில் சொல்லிச் செய்த ஆளுயர ரோஜா மாலை தனபால் அண்ணன் கையில் இருந்தது. போட்டுக்கொள்ள ஆள் இல்லை. படமெடுக்கிறவர்கள் அவசரப்படுத்தினார்கள். மேடையிலிருந்த அதிகாரிகளில் ஒருவர் படத்தைக் காட்டி, அதற்கே போடுங்கள் என்று சைகை செய்தார். அண்ணன் ஒரு கணம் திகைத்தார், பிறகு போட்டுவிட்டார்.

உறுமி மேளம் பாதியில் நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. உயிரோடு இருக்கிறவர் கழுத்துக்குத்தான் மாலை. படத்துக்கு மாலை போட்டு முன்னால் விளக்கும் எரிந்தால் அது எந்த வீடு என்று தமிழ்ப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முன்வரிசைப் பெண்கள் தங்களையறியாமல் செருப்பைக் கழற்றினார்கள். ஓர் அம்மா கையிலிருந்த பிள்ளையின் முகத்தைத் தன் தோளுக்குள் திருப்பிக்கொண்டார். என் அப்பா இறந்தபோது என் கடவுச்சீட்டு பாஸ் புதுப்பிக்கப் போயிருந்தது, என்னால் ஊருக்குப் போக முடியவில்லை. அப்பாவின் படத்துக்கு மாலை போட்டதைக் கைபேசியில்தான் பார்த்தேன். இப்போது முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரருக்காக அதே அமைதிக்குள் கைகட்டி நிற்கிறேன். படத்தில் அவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அமைப்பின் சார்பில் வந்திருந்த இளம்பெண் ஒருத்தி என்னிடம் வந்து, எல்லாரும் ஏன் இப்படி அமைதியாகிவிட்டார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இவளிடம் எதைச் சொல்வது? மிகப் பெரிய மரியாதை என்றேன். மாலை எத்தனை நாள் இருக்கும் என்றாள். அதுவாக உதிர்கிறவரை யாரும் எடுக்கமாட்டோம் என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தலையைக் குனிந்து கொஞ்ச நேரம் நின்றாள். தங்கள் தலைவருக்கு எங்கள் மக்கள் செய்த பாரம்பரிய மரியாதை என்ற குறிப்போடு, மாலை போட்டபோது எடுத்த படம் பிறகு அமைப்பின் இணையதளத்தில் வந்தது. அதில் செருப்பில்லாமல் நிற்கும் பெண்களின் கால்களும் தெரிகின்றன.

படம் வந்து திறந்தால் அது திறப்பாகாதாம். திடல் மறுபடி பூட்டப்பட்டது. மாலை போட்ட படத்தை வாசல் பக்கத்துக் கண்ணாடி அறையில், திடலைப் பார்த்தபடி வைத்தார்கள். மாலை காய்ந்து கறுத்தது. எடுக்க யாருக்கும் கை வரவில்லை; செத்தவர் படமாக இருந்தால் அந்த வீட்டார் எடுப்பார்கள், சாகாதவர் படத்திலிருந்து யார் எடுப்பது, எடுத்தால் தோஷம் யாருக்கு? சபாக் ஊரில் யாரோ ஒருவருடைய உறவினர் கனவில் அந்தப் படம் கண் சிமிட்டியதாகக்கூடச் சொன்னார்கள். நான் அதை நம்பவில்லை. ஆனால் ஒன்றைக் கண்ணால் பார்த்தேன். வெளியே வெயிலில் தொங்கிய பதாகையில் எங்கள் பிள்ளைகளின் முகங்கள் வெளுத்துக்கொண்டே வந்தன. சீருடை மஞ்சள் தெரிந்தது, காலுறை தெரிந்தது. முகம் இருந்த இடம் மட்டும் வெள்ளையாகிவிட்டது. கண்ணாடிக்குள் அவர் அன்றைக்கு எடுத்ததுபோலப் பளிச்சென்று சிரித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பயிற்சிக்கு வருவதை நிறுத்தினார்கள். லாரி போகிற செம்பனைச் சாலையில் எத்தனை நாளைக்குத்தான் உதைப்பார்கள்? தர்ஷினி கையுறைத் தொழிற்சாலையில் அம்மாவோடு வேலைக்குப் போகப்போகிறேன் என்றாள். இன்னும் ஒரு மாதம் போனால் குழு என்று சொல்ல ஆள் இருக்காது என்று எனக்குத் தெரிந்தது. தனபால் அண்ணனிடம் போய்ச் சாவியைக் கேட்டேன்.

“பொறும்மா தங்கச்சி. பெரியவரு வரட்டும். ரிப்பன் வெட்டாம தொறந்தா நம்ம தலதான் உருளும் லா,” என்றார்.

பெரியவர் திரும்பி வந்தார், திடலுக்கு அல்ல, பதவிக்கு. விசாரணை எங்கே போனதென்று தெரியவில்லை. போட்டியிட வேறு ஆளே இல்லை, ஓட்டும் எடுக்கவில்லை. உலகத்து நாடுகளெல்லாம் உட்கார்ந்திருக்கிற மண்டபத்தில் எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள், அவ்வளவுதான், தேர்வாகிவிட்டார். சரவணன் கைபேசியில் காட்டியபோது நான் சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன். அந்த வாரக் கடைசியிலேயே எங்கள் சங்கத்துக்கும் ஆண்டுக் கூட்டம். இங்கேயும் அதே வழக்கம்தான். ஒருவர் எழுந்து தனபால் அண்ணன் பெயரை முன்மொழிவார், போட்டி உண்டா என்பார், இல்லை என்று அவரே சொல்வார், எல்லாரும் தட்டுவோம், தேநீர் வரும். நான் உறுப்பினர் இல்லை. தேநீர் ஊற்றிக் கொடுக்கப் பின்னால் நின்றேன்.

பெயரை முன்மொழிந்தார்கள். போட்டி உண்டா என்றார்கள். இல்லை என்றார்கள். கைதட்டல் வரவில்லை. தர்ஷினியின் அம்மா யோகேஸ்வரி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தார். அவருக்குப் பின்னால் இருந்த பெண்களும் அப்படியே. ஆண்களில் ஒன்றிரண்டு பேர் கையைத் தூக்கிவிட்டுப் பக்கத்தைப் பார்த்து இறக்கிக்கொண்டார்கள். அன்று மேடை முன்னால் விழுந்த அதே அமைதி. தனபால் அண்ணன் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அங்கே துண்டு மட்டும்தான் இருந்தது.

“யாராச்சும் தட்டுங்க லா,” என்றார். குரல் கீச்சென்று வந்தது.

“நீங்களே இருங்கண்ணே, பதவிய யாரும் கேக்கல,” என்றார் யோகேஸ்வரி. “சாவியக் குடுங்க.”

அவர் வெகுநேரம் சட்டைப்பையைத் துழாவினார். எடுத்த சாவியை யோகேஸ்வரியிடம் கொடுக்கவில்லை. பின்னால் வந்து, தேநீர்ப் பாத்திரத்தோடு நின்ற என் கையில் வைத்தார். “நீ தொற தங்கச்சி. நீ உறுப்பினரும் இல்ல, ஒங்கிட்ட இந்த ஊரு ஐசி கார்டும் இல்ல. சங்கம் தொறந்துச்சுன்னு நாளைக்கு யாரும் சொல்ல முடியாது.” பாம்பும் சாகக்கூடாது, தடியும் முறியக்கூடாது. கோபத்தில் எனக்கு முகம் எரிந்தது. வீட்டுக்கு வரும் வழியில் சரவணன், “வேணாம்மா, பாஸ் புதுப்பிக்கிற நேரம். யாராச்சும் போலீஸ்ல சொல்லிட்டா உன்ன அனுப்பிருவாங்க,” என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனால் மறுநாள் வேலிக்கு வெளியே வந்து நின்ற பிள்ளைகளில், பதாகையில் முகம் அழிந்துபோன அத்தனை பேரும் இருந்தார்கள்.

பூட்டைத் திறந்தபோது விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. காவலுக்கு இருக்கும் பாக் மாட், சுங்கை புரோங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிற மலாய்க்காரர், சாப்பாட்டுப் பொட்டலத்தை வைத்துவிட்டு ஓடி வந்தார். “சியாப்பா சுரோ?” என்றார். யார் திறக்கச் சொன்னது என்கிறார். எனக்குத் தெரிந்த மலாய் காய்கறி வாங்குகிற மலாய்தான். கண்ணாடி அறையைக் கைகாட்டினேன். அவர் படத்தைப் பார்த்தார், கறுத்துச் சுருங்கிய மாலையைப் பார்த்தார். தமிழர் வீடுகளில் மாலை போட்ட படங்களைப் பார்த்திருப்பார் போல. முகம் மாறி, குரலைத் தாழ்த்தி, “டியா சுடா மெனிங்கால் கா?” என்றார். இவர் இறந்துவிட்டாரா?

“பெலும்,” என்றேன். இன்னும் இல்லை.

அவர் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் நாற்காலியை எடுத்து, படத்துக்கு முதுகு காட்டிப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

பிள்ளைகள் முதலில் கோட்டைத் தாண்டவே தயங்கினார்கள். யோகேஸ்வரி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் புல்லைக் காலால் தேய்த்துப் பார்த்து, “பாய் மாதிரில இருக்கு,” என்றார். அதன்பிறகுதான் சிரிப்பு வந்தது. ஆள் பிரித்தால் ஓர் ஆள் ஒற்றையாக நின்றது, அது நான். அக்கா ரெண்டு பக்கமும் ஆடட்டும் என்றாள் தர்ஷினி. எங்கள் ஊரில் அந்த இடத்துக்கு ஒப்புக்குச் சப்பாணி என்று பெயர். ஆட்டத்தில் இருக்கலாம், கணக்கில் வராது. பந்து எந்தப் பக்கத்திடம் இருக்கிறதோ அந்தப் பக்கத்துக்காக ஓடினேன். ஓட ஓட ஒன்று உறைத்தது. யார் திறந்தது என்று நாளைக்கு எவராவது வந்து கேட்டால், இந்தத் தோட்டம் முழுவதும் என் பெயரைத்தான் சொல்லும். எதிலும் சேராத என் பெயர் இங்கே எழுதப்படப்போகும் முதல் இடம் அதுதான். அதே வேகத்தில் காலடிக்கு வந்ததை ஓங்கி உதைத்தேன். பந்து வலைக்குள் போய் விழுந்தது. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் கத்திக்கொண்டு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார்கள்.

“அக்கா, இந்தக் கோல் யாருக்கு?” என்று தர்ஷினி கேட்டாள்.

இரண்டு பக்கத்து முகங்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. நான் வலைக்குள் போய்ப் பந்தை எடுத்துவந்து நடுவில் வைத்தேன்.