கோமு அக்காவின் கம்பிவலை வராந்தா

போன வாரம் எங்கள் வீட்டு ஜன்னல்களுக்குக் கொசுவலை அடித்தார்கள். வெள்ளை நைலான் வலை. கையில் வாங்கி முகர்ந்து பார்த்தேன். மருமகள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். என்ன செய்ய, வலை என்றால் எனக்குத் துருவாடை அடிக்க வேண்டும். சாரலில் நனைந்த இரும்புக் கம்பிவலையில் மூக்கை அழுத்தினால் ஒரு வாடை வருமே, அது. எட்டு வயதில் ஒரு வருஷம் முழுக்க என் மூக்கு நுனியில் கட்டம் கட்டமாகத் தடம் இருந்தது.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முந்தி என்று நினைக்கிறேன். அப்பா தென்காசியில் வக்கீல் குமாஸ்தா. வீடு மேலகரத்தில், குற்றாலம் போகிற சாலை மேலேயே. கோமு அக்காவைப் பண்பொழியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒன்றரை வருஷத்தில் ஒரு வில்வண்டியில் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினாள். கூட அத்தான் வரவில்லை, இருமல்தான் வந்திருந்தது.

தென்காசி டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். காசநோய். அதற்கு அன்றைக்கு மருந்து கிடையாது. பால், முட்டை, ஓய்வு, இரவும் பகலும் நல்ல காற்று. ஈ, கொசு அண்டக் கூடாது, தட்டும் தம்ளரும் தனியாக இருக்க வேண்டும். சைவ வீடான எங்கள் வீட்டுக்குள் முட்டை நுழைந்தது அப்போதுதான். அதற்கு அம்மா வைத்த பெயர் ‘வெள்ளை மருந்து.’

செய்தி தெரிந்து பெரியப்பா வந்தார். அவர் பேச்சுக்கு எங்கள் குடும்பத்தில் மறுபேச்சு கிடையாது.

“தொழுவத்துக்குப் பக்கத்துல ஒரு ரூம் கெடக்குல்லா, அதுல போடு. தெருவுல போறவன் கண்ணுல படவா வச்சிருக்கது? ஒனக்கு இன்னொரு பொட்டப்புள்ள இருக்குலே, அத நெனச்சுக்கோ.”

அந்த இன்னொரு பொட்டப்பிள்ளை நான்தான். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற அம்மா, அதுவரை பெரியப்பா முன்னால் வாய் திறந்திராதவள், வெளியே வந்தாள்.

“அவ செத்தா போயிட்டா? எம் மக வாசல்லதான் இருப்பா. பாக்குதவன் பாக்கட்டும்.”

குற்றாலத்தில் ஒரு துரை பங்களாவைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே கழற்றிப் போட்ட கம்பிவலையை அப்பா வண்டியில் ஏற்றி வந்தார். ஆசாரி வந்து முன் வராந்தாவைச் சுற்றிச் சட்டம் போட்டு அடித்தார். ஒரு கதவு, உள்ளே ஒரு கொக்கி. ஊர் அதற்குக் குரங்குக்கூண்டு என்று பெயர் வைத்தது. நிஜக் குரங்குகள் வெளிப்பக்கம் வலையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு அக்கா பழம் தின்பதையே பார்க்கும். கூண்டில் இருப்பது யார் என்பதில் அவற்றுக்குச் சந்தேகமே இல்லை.

ஆனி பிறந்ததும் செங்கோட்டைக் கணவாய்க் காற்று சாரலை வலைக்குள் விசிறி அடிக்கும். மேற்குப் பக்கம் அப்பா கித்தான் துணி கட்டினார். மற்ற பக்கங்களை மூட அக்கா விடவில்லை. ஐப்பசி அடைமழையில் தெருவே கொசுக்கடியில் காய்ச்சல் கண்டு நடுங்க, வராந்தாவுக்குள் ஒரு கொசு இல்லை. மார்கழியில் வெயில் நகர நகரக் கட்டிலும் நகரும். சித்திரையில் வெட்டிவேர்த் தட்டியை நனைத்துத் தொங்கவிட்டால் வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் அதுதான். ஆனால் எனக்கு உள்ளே இடமில்லை. படியில் உட்கார்ந்து வலை வழியாகவே அக்காவோடு தாயம் ஆடுவேன். அவள் உள்ளே கட்டில் மேல், என் கண்ணுக்கு எட்டாமல், கட்டையை உருட்டி எண்ணைச் சொல்வாள், நான் வெளியே காய் நகர்த்துவேன். படுத்த படுக்கையாகக் கிடந்தவளுக்கு அத்தனை தாயம் எப்படி விழுந்தது என்று எனக்கு இருபது வயதில்தான் உறைத்தது.

சீசனில் சாலை நிறைய அருவிக்குப் போகிற கூட்டம். எங்கள் வீடு வந்ததும் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அம்மா அது பொறுக்காமல் வலைக்கு மறைப்பாகப் பாயைத் தொங்கவிடப் போனாள்.

“சுருட்டி வைம்மா. நான் என்ன களவாண்டுட்டா வந்தேன்?” என்றாள் அக்கா. பிறகு சாலையைப் பார்த்து, “என்ன அண்ணாச்சி, அருவியில தண்ணி நல்லா விழுதா?” என்று குரல் கொடுத்தாள்.

வேட்டியை மடித்துக் கட்டியிருந்த ஒருவர் திடுக்கிட்டு நின்றார். “விழுது தாயி, நல்லா விழுது,” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

வருஷம் திரும்பியது. இருமல் நின்றது, உடம்பு தேறியது, நெஞ்சு சுத்தமாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். அது பண்பொழிக்கு எட்டியதும், ஒருநாள் காலையில் பெரியப்பாவோடு அத்தான் வந்து படியில் நின்றார்.

“கோமு, கெளம்பு. அதான் எல்லாம் சரியாயிட்டுல்லா.”

அக்கா கட்டிலிலிருந்து எழுந்து கதவுப் பக்கம் வந்தாள். “வருசம் பூரா நான் இங்கனதான் கெடந்தேன். வண்டி கட்டுனா அரைநாள் ஆகாது. இருக்காளா, செத்தாளான்னு எட்டிப் பாக்கக்கூட நீங்க வரல.”

“ஏட்டி, புருசன்கிட்ட பேசுத பேச்சா இது? கதவத் தொற,” என்றார் பெரியப்பா.

அக்கா கொக்கியை மாட்டினாள்.

“தொறக்க மாட்டேன் பெரியப்பா. நான் போமாட்டேன்.”

எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அண்ணனை எதிர்த்து அவர் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கும் அவர் பேசியது அண்ணனிடம் இல்லை. உள்ளே திரும்பி அம்மாவிடம் சொன்னார்: “வெயிலா இருக்கு. மாப்பிள்ளைக்கு மோர் குடுத்து அனுப்பு.”

அத்தான் நின்றபடியே குடித்தார். செம்பைப் படியில் வைத்துவிட்டு வண்டியில் ஏறினார். அப்புறம் வரவில்லை.

அடுத்த சித்திரையில் எதிர்வீட்டு மதினி, மூக்கைப் பொத்தியவர்களில் ஒருத்தி, குரங்குத் தொல்லை தாங்காமல், வலைக்குள் காயவைக்க வடகத்தட்டோடு வந்து நின்றாள். அக்கா கொக்கியை எடுத்துவிட்டாள். யுத்த காலத்தில், அதே நோயோடு புகுந்த வீட்டிலிருந்து அனுப்பப்பட்ட இரண்டு பெண்களை அக்கா அந்த வராந்தாவில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். ஒருத்தி எழுந்து நடந்து போனாள். இன்னொருத்தி எழவில்லை. ஆனால் கடைசி வரை அவள் காற்றும் வெளிச்சமும் படக் கிடந்தாள், பேர் சொல்லிக் கூப்பிட ஆள் இருந்தது.

இப்போது அந்த வீடு இல்லை, சாலை தின்றுவிட்டது. அந்த நோய்க்கு மாத்திரை வந்துவிட்டது. அக்கா எழுபத்தொன்பது வயது வரை இருந்துவிட்டுப் போனாள். எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில், “அந்தக் காலம் மாதிரி வருமா ஆச்சி?” என்று என்னிடம் கேட்கிறார்கள். தலையாட்டுவேன் என்று எதிர்பார்த்துத்தான் கேட்கிறார்கள். எனக்கோ, அந்தக் காலத்து வீடுகளில் தொழுவத்தை ஒட்டியிருந்த சின்ன அறைகள்தான் ஞாபகம் வருகின்றன. அவற்றுக்குள் இருமி இருமி அடங்கிய பெண்களின் பெயர் இன்று யாருக்கும் தெரியாது. அந்த அறைகளும் ஒவ்வொன்றாக இடிந்துகொண்டிருக்கின்றன.

இடியட்டும்.