வலை சாரும் கறை சாரும்

போன வாரம் மாடி வீட்டுப் பெண் பயாலஜி புத்தகத்தோடு இறங்கி வந்தாள். பிளஸ் டூ. "ஆன்ட்டி, நீங்க ஜுவாலஜிதானே? இந்தப் படத்தை ஈஸியா வரைய ஒரு வழி சொல்லுங்களேன்" என்றாள்.

பார்த்தேன். ஒரு செல். நடுவில் உட்கரு. பக்கத்திலேயே தோசையை அடுக்கி வைத்த மாதிரி நாலைந்து தட்டைப் பைகள். ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ்கள். கீழே பெயர் போட்டிருந்தது... கோல்கி.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"என்ன ஆன்ட்டி?"

"ஒண்ணுமில்லேம்மா. இந்தத் தோசை அடுக்குக்காக ரெண்டு பெரிய மனுஷா வருஷக்கணக்கா முகம் கொடுத்துப் பேசிக்காம இருந்ததைப் பார்த்திருக்கேன்."

அவள் நம்பவில்லை. நீங்கள் நம்புவீர்கள். வாராவாரம் என்னை நம்பிப் பழகியவர்களாயிற்றே!

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. திருவனந்தபுரத்தில் பி.எஸ்ஸி. விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். கரமனையில் பஸ் ஏறினால் பாளையம். அங்கிருந்து காலேஜுக்கு நடை. வகுப்பில் பெண்கள் இரண்டே பேர் — நானும் அன்னம்மாவும். அவள் கோட்டயத்துக்காரி, ஹாஸ்டல். தவளையை அறுக்கும்போது அதன் ஆத்மாவுக்காக ஜெபம் சொல்லிக்கொண்டே அறுப்பாள்.

என் அப்பா ஹஜூர் கச்சேரியில், அதாவது சர்க்கார் தலைமை ஆபீசில், குமாஸ்தா. என்னைப் படிக்க அனுப்பியபோதே சொல்லிவிட்டார். "ஒரு பரீட்சை போச்சுன்னாலும் படிப்பு அதோட சரி கோமு. அப்புறம் அம்பாசமுத்திரம் ஜாதகம் வந்தாலும் சரி, ஆலப்புழை ஜாதகம் வந்தாலும் சரி... நான் யோசிக்க மாட்டேன்."

எனக்கோ மைக்ராஸ்கோப்பை விட்டு வர மனசில்லை. ஆகவே பாஸாகியே தீர வேண்டும். அதற்குக் குறுக்கே நின்றவர்கள்தான் அந்த இரண்டு பேர்.

நிஜப் பெயர்கள் வேண்டாம். நாங்கள் வைத்த பெயர்களே அவர்களுக்குப் பொருத்தம். ஒருவர் வலை சார். இன்னொருவர் கறை சார். மலையாளத்திலும் வல, கற என்றுதான் சொல்வார்கள் என்பதால் பட்டப்பெயர் இரண்டு மொழியிலும் செல்லுபடியாயிற்று.

வலை சார் நாஞ்சில் நாட்டுக்காரர். கதர்க் கோட்டு, நெற்றி நிறையத் திருநீறு. இளம் வயதில் நத்தையின் செல்களை ஆஸ்மிக் அமிலத்தில் ஊறப்போட்டு, உட்கருவுக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு வலை — அதற்குத்தான் கோல்கி என்று பெயர் — இருப்பதைப் பார்த்து, இழை இழையாகப் படம் வரைந்தவர். அந்தப் படத்தால்தான் அவருக்குப் பட்டம், பதவி, மரியாதை எல்லாம்.

கறை சார் சீமைக்குப் போய்ப் படித்துவிட்டு டையோடு திரும்பியவர். மலையாளி. தமிழ்ப் பிள்ளைகளிடம் தான் தமிழில் பேசுவதாக அவருக்கு ஒரு நம்பிக்கை. அந்த வலை செல்லில் கிடையவே கிடையாது, அமிலம் பட்டதால் உண்டான வெறும் கறை என்பது அவர் கட்சி.

"மஷி ஒழிச்சா கறுத்துத்தான் காணும். அதினு ஒரு பேரு வேணோ?" என்பார், மேஜையில் நிஜமாகவே ஒரு சொட்டு இங்க் விட்டுக் காட்டி.

அமிலத்தின் ஆவி பட்டுப் பட்டு வலை சாரின் கண்கள் எப்போதும் சிவந்திருக்கும். "வலை செல்லில் இல்லா, ஆளுடைய கண்ணிலாணு" என்றும் சொல்வார். அதை அடுத்த அறைக்குக் கேட்கும்படி சொல்வதுதான் விசேஷம்.

சண்டை எதற்கு என்று கேட்கிறீர்களா? ஒரு செல்லுக்குள் வேலை ஓய்வதே இல்லை. வெளியிலிருந்து சாப்பாடு உள்ளே வருகிறது. உடைபடுகிறது. வேண்டியது நிற்கிறது, மிச்சம் வெளியே போகிறது. செல்லே தயாரிக்கிற சரக்கு வேறு இருக்கிறது — எச்சில், கோழை, பசை. இதையெல்லாம் பிரித்துக் கட்டி அனுப்புவது யார்? வலைதான் என்றார் வலை சார். யாரும் இல்லை, அதுபாட்டுக்குப் போகும் என்றார் கறை சார்.

ஊரில் அப்போது நாஞ்சில் நாடு யாருக்கு என்று மீட்டிங்கும் ஊர்வலமுமாக இருந்தது. எங்கள் டிபார்ட்மெண்டுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. கோல்கி உண்டா இல்லையா... அதுதான் ராஜ்ய விவகாரம்!

நடுவில் மாட்டிக்கொண்டது நாங்கள். வலை சார் வகுப்பில் ரெக்கார்டில் வலை வரைய வேண்டும். கறை சார் வகுப்புக்கு முன்னால் அதை ரப்பரால் அழிக்க வேண்டும். மறுபடி வரைய வேண்டும். அழித்து அழித்து என் ரெக்கார்டில் உட்கருவுக்குப் பக்கத்தில் நிஜமாகவே ஒரு ஓட்டை விழுந்துவிட்டது.

"இது எந்தா?" என்றார் கறை சார்.

"ஓட்டை சார்."

"நல்லது. உள்ளது உள்ளபடி வரைஞ்ஞிருக்கு" என்று கையெழுத்துப் போட்டார்.

சிரிக்கலாம். ஆனால் எங்களுக்கு முந்தின வருஷம் ஒரு பெண், கறை சார் பரீட்சை நடத்திய அன்று, மறதியாக வலையை வரைந்துவிட்டாள். ஃபெயில். அவள் திரும்ப வரவேயில்லை. கல்யாணப் பத்திரிகைதான் வந்தது.

வீட்டில் இதையெல்லாம் யாரிடம் சொல்வது? அம்மாவிடம்தான் சொன்னேன். ஒருநாள் அமீபா சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு வந்து, சமையலறை வாசலில் நின்று விவரித்தேன். அதற்கு வாய் இல்லை. உடம்பையே கை மாதிரி நீட்டி இரையை வளைத்துக்கொள்ளும். இரை ஒரு குமிழுக்குள் உள்ளே போகும். அங்கேயே கரையும். கரையாததை விட்டுவிட்டு நகர்ந்து போய்விடும்.

அம்மா கரண்டியை நிறுத்தினாள். "வாயே கிடையாதா? அப்போ எச்சில்?"

"எச்சிலும் இல்லேம்மா. குமிழுக்குள்ளேயே ஏதோ சுரந்து கரைச்சுடும்."

"அதாக்கும் ஆசாரம்!" என்றாள் அம்மா, அக்ரஹாரத்தில் யாரையும் அவள் அவ்வளவு மனசாரப் பாராட்டியதில்லை.

கடைசி வருஷப் பிராக்டிகலுக்கு ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு ஸ்லைடு தயாரிக்க வேண்டும். நத்தை போகிற வழியெல்லாம் பளபளவென்று ஒரு கோடு விட்டுக்கொண்டு போகுமே, அந்தப் பசையைச் சுரக்கிற செல்களை எடுத்துக்கொண்டேன். மழை விட்டதும் கரமனை ஆற்றங்கரையில் நத்தை பொறுக்கி, ஒரு பழைய வாளியில் போட்டுக் கிணற்றடியில் வைத்தேன். மூடி சரியாக இல்லை. காலையில் துளசி மாடத்தைச் சுற்றி வெள்ளிக் கோடு!

"பிரதக்ஷிணம் பண்ணிருக்கு" என்றேன்.

"அதுகளுக்காவது பக்தி இருக்கே" என்றாள் அம்மா. அப்புறம் மாடத்தை ஏழெட்டுக் குடம் தண்ணீர் விட்டு அலம்பினாள். என்னை வாளியோடு வெளியே அனுப்பினாள்.

ஸ்லைடு தயாரித்தேன். பார்த்தேன். முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு கண் பழகியது. உட்கருவுக்கு மேலே கறுப்பாக ஒரு திட்டு. அதை ஒட்டிப் பொடிப்பொடியாகச் சொட்டுகள். விளிம்பை நோக்கிப் போகப்போக அவை பெரிதாகின்றன. விளிம்பில் செல் திறந்து, பசை வெளியே. ஒரு செல்லில் மட்டுமா? பார்த்த செல்லில் எல்லாம் அதே இடம், அதே வரிசை. சாப்பாட்டு மணி அடித்தும் எழுந்திருக்க மனசு வரவில்லை எனக்கு.

பரீட்சைக்கு வெளியூரிலிருந்து ஒருவர் வர வேண்டும். அவருக்கு அம்மை. அதனால் என்ன ஏற்பாடு செய்தார்கள் தெரியுமா? வைவா என்கிற வாய்மொழிப் பரீட்சைக்கு வலை சார், கறை சார் இருவரையுமே ஒரே மேஜையில் உட்கார வைத்துவிட்டார்கள்!

அன்னம்மா எனக்கு உபதேசம் செய்தாள். "எடீ கோமு, ரெண்டு பேரும் சேர்ந்து கேட்டால் இருமணும். இருமி இருமி வெளியே வரணும். ஞான் அதாணு செய்யப் போறேன்." சொன்னபடியே செய்தாள். இரக்கப்பட்டுத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அடுத்தது நான். இருமல் வரவில்லை. வியர்வைதான் வந்தது.

உள்ளே போனால் காட்சியே வேறாக இருந்தது. கறை சார் முகத்தில் கல்யாணக் களை. எதிரே கப்பலில் வந்த ஒரு விஞ்ஞானப் பத்திரிகை திறந்து கிடந்தது. அன்று காலைதான் லைப்ரரிக்கு வந்ததாம். எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் என்ற புது மெஷினில் எடுத்த போட்டோ. உட்கருவின் பக்கத்தில், தட்டைத் தட்டையாக அடுக்கிய பைகள். ஓரத்தில் குமிழ்கள்.

கோல்கி இருக்கிறது! வலை சார் ஜெயித்துவிட்டார்!

ஆனால் வலை சார் முகத்தைப் பார்த்தால் துக்கம் விசாரிக்கப் போன வீடு மாதிரி இருந்தது.

"பற, குட்டி. கோல்கி உண்டோ இல்லையோ?" என்றார் கறை சார்.

தயார் செய்து வைத்திருந்த மழுப்பல் எல்லாம் வீணாய்ப் போயிற்று. யார் எந்தப் பக்கம் என்றே புரியவில்லையே, யாருக்காக மழுப்புவது?

"எனக்குத் தெரியலை சார். என் ஸ்லைடுல பார்த்ததை வேணும்னா சொல்றேன்."

"சொல்லும்மா" என்றார் வலை சார், தலையைத் தூக்காமல்.

கறுப்புத் திட்டு, பொடிச் சொட்டு, பெரிய சொட்டு, விளிம்பு — எல்லாம் சொன்னேன்.

"வலையா இருந்துதா?" அந்தக் குரலில் இருந்த ஏக்கம் இப்போதும் காதில் இருக்கிறது.

"வலைன்னு சொல்ல முடியலை சார்."

"அப்போ கறையோ?" என்றார் கறை சார்.

"வெறும் கறைன்னா எல்லாச் செல்லுலயும் அதே எடத்துல எதுக்கு சார் வரணும்? அதை ஒட்டியே சொட்டு எதுக்கு சார் வரிசையா நிக்கணும்?"

கறை சார் மேஜையைத் தட்டினார். "அதல்லே ஞான் இத்தனை காலமா சொல்லுன்னது!"

நான் அவர் முகத்தையே பார்த்தேன். ஒரு சின்னக் கூச்சம்? ஒரு லேசான தடுமாற்றம்? ஊஹூம். அவர் அதை நிஜமாகவே நம்பினார்!

வலை சார் அந்தப் போட்டோவை இரண்டு விரலால் தள்ளினார். "இது கோல்கி இல்ல கேட்டியளா. நான் பாத்தது வலை. இழை எனக்குத் தெரியும். அந்த மெஷின்ல கரண்டைப் பாய்ச்சினா எல்லாம் இப்படித்தான் கோடு கோடா விழும். இதெல்லாம் வெறும் கறையாக்கும்."

நான் எழுந்து வெளியே வந்தேன். பாஸா ஃபெயிலா, யார் போடுவார் மார்க்கு, ஒன்றும் தெரியவில்லை. அன்னம்மா தண்ணீர் கொடுத்தாள்.

எல்லோரும் போன பிறகு வலை சார் வராந்தாவுக்கு வந்தார். "பிள்ளே, அந்த ஸ்லைடைக் கொஞ்சம் காட்டுகியா?"

லேபுக்குள் போய் மைக்ராஸ்கோப்பில் வைத்துக் கொடுத்தேன். குனிந்தவர் நிமிரவே இல்லை. சிவந்த கண்ணைத் துடைத்துக்கொள்வார், மறுபடி குனிவார். ஏளனம் செய்து பழகிப்போன எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனுஷர் சொன்னது சரி. செல்லில் அப்படி ஒன்று இருக்கிறது, சரக்கை அனுப்புகிற இடமும் அதுதான். அதையே உலகம் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறது. ஆனால் அவர் வரைந்த ஒரு இழைகூட அதில் இல்லை.

கடைசியில் மெதுவாகக் கேட்டார். "ஒரு ஓரமாப் பாத்தா... கொஞ்சம் வலை கணக்காவும் இருக்குல்லா?"

நானும் பார்த்தேன். ஒரு ஓரமாக, மிக ஓரமாகப் பார்த்தால்...

"கொஞ்சம் இருக்கு சார்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

நான் பாஸ். அன்னம்மாவும் பாஸ். இருமலுக்கு என்னைவிட இரண்டு மார்க் அதிகம்! அப்பா ஜாதகக் கட்டைப் பரண்மேல் போட, நான் அதே டிபார்ட்மெண்டில் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்தேன். சண்டை ஓய்ந்திருக்கும் என்றா நினைக்கிறீர்கள்? கறை சார் கோல்கியைப் பற்றி ஊர் ஊராக லெக்சர் கொடுத்துக்கொண்டிருந்தார். வலை சார் தன் அறையில் உட்கார்ந்து, அந்த போட்டோவில் இருப்பது கோல்கியே அல்ல என்று கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார்.

இல்லை என்று சொல்கிறவருக்கு மாறுவது சுலபம். பாவம், உண்டு என்று சொல்கிறவர் மனசில்தான் ஒரு படம் இருந்து தொலைக்கிறது.