பச்சை மை பட்ட கை

எங்கள் அப்பா தேவிகுளம் தாலுக்கா கச்சேரியில் பியூன். பெரிய அதிகாரி மாற்றலாகிப் போனபோது மேசையில் விட்டுப்போன பச்சை மைக்கூடு ஒன்று அப்பாவுக்குக் கிடைத்தது. அதைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அதிகாரிகள் மட்டுமே கையெழுத்துப் போடும் மை அது, நாம் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சாமிக்கு வெள்ளிக்கிழமைதான் பூ; மைக்கூட்டைத் தினமும் துடைத்து வைப்பார்.

கேரளம் பிறந்த புதிது அது. அக்கா பத்தாம் வகுப்பு தேறியிருந்தாள். பாலக்காட்டுக்குப் போய்க் கல்லூரியில் சேர வேண்டும் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். போடியிலிருந்து வந்த நல்ல இடத்தை விடக்கூடாது என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். அப்பா மட்டும் இரண்டு காலிலும் நின்றுகொண்டு வாயைத் திறக்காமல் இருந்தார்.

பெண் பார்க்க வரும் நாளன்று காலையில், அந்த மையை எழுதிப் பார்ப்போமா என்று அக்கா கூப்பிட்டாள். எட்டு வயதுக்காரி எனக்குக் கசக்குமா? அக்கா தன் பேனாவின் கழுத்தைத் திருகிக் கழற்றி, பழைய நீல மை போகும்வரை வெந்நீரில் அலசி, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் பச்சையை நிரப்பினாள். கிழித்த காலண்டர் தாளின் பின்புறம் தன் கையெழுத்தைப் போட்டாள். ஈரத்தில் கறுத்திருந்த எழுத்து, காயக் காயத் தேயிலைக் கொழுந்தின் நிறத்துக்கு வந்தது. அடேயப்பா, என்ன அழகு! எனக்கும் ஒரு கையெழுத்துப் போடக் கொடுத்தாள். அப்புறம் மைக்கூட்டை மூட எடுத்தவள், அதைத் தன் வலது கையிலேயே கவிழ்த்துக்கொண்டாள். மணிக்கட்டுவரை பச்சை.

அம்மா புளி போட்டுத் தேய்த்தாள், சாம்பல் போட்டுத் தேய்த்தாள், அக்காவைப் பெற்ற நேரத்தைத் திட்டிக்கொண்டே தேய்த்தாள். நிறம் போகவில்லை. அந்தக் கையால்தான் அக்கா காப்பி கொடுத்தாள். மாப்பிள்ளையின் அம்மா டம்ளரை வாங்காமல் கையையே பார்த்து, இதென்ன என்று கேட்டார்.

"மை, அத்தை. பெரிய அதிகாரிங்க கையெழுத்துப் போடுற மை. நானும் படிச்சு இதுல கையெழுத்துப் போடணும்னு இருக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை. ஊருக்குப் போய்த் தகவல் சொல்கிறோம் என்று எழுந்துகொண்டார்கள். அது என்ன தகவல் என்று எனக்கே தெரிந்தது. அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். கல்யாணத்தோடு என் பட்டுப்பாவாடையும் போயிற்றே என்று நானும் சேர்ந்து அழுதேன்.

வந்தவர்களைப் பஸ் ஏற்றிவிட்டு அப்பா திரும்பினார். அடிக்கப்போகிறார் என்று நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்தேன். அவர் அக்காவின் கையைப் பிடித்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"மை மிச்சம் இருக்கா?"

"பாதி இருக்குப்பா."

"நல்லா மூடி வை. காலேஜுக்குப் போறப்ப வேணும்ல."

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. வீட்டில் இவ்வளவு பெரிய நஷ்டம் நடந்திருக்கிறது, இவர் மையைப் பற்றிப் பேசுகிறாரே! அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். தோள் குலுங்கியது. பாவம், கல்யாணம் தவறிப்போன துக்கம் என்று நினைத்து, எனக்கென்று ஒளித்து வைத்திருந்த ஒரே முறுக்கை எடுத்துவந்து அவள் கையில் வைத்தேன்.